முள்ளைப் பார்த்துச் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கொலெட் தன் சீருடைக்கு மூன்றாவது தடவையாக இஸ்திரி போட்டாள். சுருக்கம் எதுவும் இல்லை. இருந்தாலும் போட்டாள்.

மறுநாள் அவளுக்கு முதல் வார்டு. நர்சிங் கல்லூரியின் ரப்பர் பொம்மைகளை விட்டு நிஜ நோயாளிகளைத் தொடப்போகும் நாள். ஆஸ்பத்திரி நான்காம் மாடியில் விடிவதற்குள் போய் நிற்கவேண்டும். பிந்தி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று டெஸ் சொல்லியிருந்தாள். டெஸ் அவள் வகுப்பு ஆசிரியை. கொலெட்டைவிட எட்டு வயது இளையவள். சொன்னால் செய்வாள்.

கட்டிலில் சாமான்கள் கிடந்தன. விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், கறுப்புப் பேனா, சின்னக் கத்தரி, இன்னும் தரையைத் தொடாத வெள்ளைக் காலணி. ஸ்டெதஸ்கோப் மட்டும் பையைவிட்டு வெளியே வரவில்லை.

அவள் கணவன் ரெமி வாசற்படியில் வந்து நின்றான்.

"அந்தத் துணி என்ன பாவம் பண்ணுச்சு?"

"போய் சூப்பைப் பாரு."

"சூப்பு நல்லாத்தான் இருக்கு. உன்னைப் பாத்தாத்தான் கவலையா இருக்கு."

கொலெட் சீருடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். தலைமுடி காலரைத் தொடக்கூடாது என்பது வார்டு விதி. வகுப்பில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. தோள்வரை தொங்கவிட்டுக்கொண்டு எல்லாரும் வருவார்கள். அவளுடையது நல்ல அடர்த்தி. காது இரண்டும் அதற்குள் மறைந்து கிடக்கும். முழுவதையும் அள்ளிச் சுருட்டிக் கொண்டை ஊசிகளைக் குத்தி மேலே வலையைப் போட்டாள்.

"எப்படி இருக்கேன்?"

"ஜெயில் வார்டன் மாதிரி."

"நல்லது."

"வயித்தவலின்னு வந்தவன் உன்னைப் பாத்ததும் சரியாயிருச்சுன்னு ஓடிருவான்."

ரெமி சிரித்தான். காகித ஆலை மூடும்வரை அங்கே வேலை பார்த்தவன். இரண்டு காதிலும் மெஷின். அதைக் கழற்றிவிட்டால் அவனுக்கு இடி மட்டும்தான் கேட்கும்.

"உக்காரேன்," என்றான். "என் கையைப் பிடிச்சுப் பிரஷர் பாரு. சேந்த புதுசுல பூனையைக்கூட விடலை நீ. இப்ப ரெண்டு வாரமா அந்தக் குழாயத் தொடவே மாட்டேங்கற."

"பாத்துக்கலாம்."

"நாளைக்கு வார்டு. எப்பப் பாத்துக்கறது?"

அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

இரண்டு வாரம் முன்பு பரீட்சை நடந்தது. ஒருத்தர் கையில் பட்டையைச் சுற்றி ரப்பர் பந்தை அழுத்திக் காற்று ஏற்றவேண்டும். பிறகு காற்றை மெல்ல விடவேண்டும். டயலின் முள் இறங்கிக்கொண்டே வரும்போது, முழங்கை மடிப்பில் வைத்த ஸ்டெதஸ்கோப்பில் முதல் சத்தம் கேட்கும் இடம் மேல் எண். சத்தம் நிற்கும் இடம் கீழ் எண். அவ்வளவுதான். அன்று வகுப்புத்தோழி ஒருத்தி கை நீட்டினாள். இரண்டு பேர் சேர்ந்து கேட்கும்படியான ஸ்டெதஸ்கோப்பில் ஒரு ஜோடி டெஸ்ஸின் காதில் இருந்தது, மறு ஜோடி கொலெட்டின் காதில்.

கொலெட்டுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுவருக்கு அப்பால் யாரோ நடப்பதுபோல ஏதோ. அதுவும் இருந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் முள் இறங்கும்போது ஓரிடத்தில் துடிக்கத் தொடங்கியது. பின்னால் ஓரிடத்தில் துடிப்பு நின்றது. அந்த இரண்டு எண்ணையும் சொன்னாள். டெஸ் தலையசைத்தாள். அவள் கேட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தேறியாகிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கொலெட் ஆலையை நினைத்துக்கொண்டே வந்தாள். பத்தொன்பது வருடம் காகித இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவள். காதடைப்பான் கொடுப்பார்கள். சூப்பர்வைசர் தலை மறைந்ததும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். அதை வைத்துக்கொண்டு எப்படி அரட்டை அடிப்பது? ரெமியும் அப்படித்தான். ரெமிக்குப் போனது அவளுக்கும் போயிருக்கவேண்டும். இது மெஷின் வைத்தாலும் தீராது. காதில் மெஷின் இருக்கும்போது ஸ்டெதஸ்கோப்பை எங்கே மாட்டுவது?

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கத் தானியங்கிகள் இருக்கின்றன. ஆனால் முதல் வாரம் தன் மாணவர்கள் கையால்தான் பார்க்கவேண்டும் என்பது டெஸ்ஸின் பிடிவாதம். நாளைக்கு முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக் கொலெட் ஓர் எண்ணைச் சொல்வாள். அந்த எண்ணைப் பார்த்து யாரோ மாத்திரை கொடுப்பார்கள், அல்லது கொடுக்காமல் விடுவார்கள்.

"சரி," என்றாள். "சட்டையைக் கழட்டு."

"அப்படிச் சொல்லு."

"கையை மட்டும், கெழவா."

சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். மனத்துக்குள் அவள் தீர்மானித்துக்கொண்டாள். இப்போது கேட்டால் நாளை போவது. கேட்காவிட்டால் இன்றே டெஸ்ஸிடம் சொல்லி விலகிவிடுவது. நாற்பத்தாறு வயதில் திரும்ப வேறு ஒன்றைத் தேடுவது. ஊரில் வேறு என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

பட்டையைச் சுற்றினாள். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். நூற்றெண்பதுவரை காற்றை ஏற்றி, மெல்ல விட்டாள்.

முள் இறங்கியது. ஒன்றுமில்லை. நூற்று முப்பதுக்குக் கொஞ்சம் மேலே முள் துடித்தது. அவள் பார்வையைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள். காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு மௌனம். எங்கோ தொலைவில் ஒன்று, அது தன் இதயமாகவும் இருக்கலாம்.

"எவ்வளவு?" என்றான் ரெமி.

"பேசாத."

மறுபடி ஏற்றினாள். மறுபடி விட்டாள்.

"என் கை நீலமாப் போவுது, நர்சம்மா. உயிரோட இருக்கேனா இல்லையா, அதையாவது சொல்லு."

அவள் பட்டையைத் தளர்த்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்டெதஸ்கோப் காதிலேயே இருந்தது.

"எனக்குக் கேக்கலை, ரெமி."

"என்ன கேக்கலை?"

"எதுவுமே. ஆரம்பத்துலேர்ந்தே கேக்கலை. பரீட்சையில முள்ளைப் பாத்துச் சொன்னேன். டெஸ் நம்பிட்டா."

ரெமி மேசைமேல் முன்னால் சாய்ந்தான்.

"மில்லு," என்றாள் கொலெட். "உனக்குப் போன மாதிரி எனக்கும் போயிருச்சு."

"அடுத்த ரூம்ல நான் பிஸ்கட் டப்பாவைத் தொறந்தா உனக்குக் கேக்குது."

"அது வேற."

"அதே காதுதான்." அவன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்தான். "இரு. அசையாத."

"என்ன?"

"தலையைத் திருப்பு. இந்தப் பக்கம்." அவள் காதருகே குனிந்து ஆலைக் காலத்தில் இயந்திரத்தின் பேரிங்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "இதைப் பின்பக்கமா மாட்டியிருக்க."

"எதை?"

"காதுல விட்டிருக்கியே, இந்தக் குமிழு. கம்பி வளைஞ்சிருக்கு பாரு. அந்த வளைவு முன்னாடி வரணும், மூக்கைப் பாத்து. உன்னுது ரெண்டும் முதுகைப் பாக்குது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காது டாக்டரம்மா சொன்னாங்க. ஓட்டை நேரா உள்ள போகாதாம். முன்பக்கமாச் சாஞ்சு போகுதாம். மொத வாரம் நான் மெஷினைத் தப்புத் தப்பாச் சொருகிட்டு உன்மேல எரிஞ்சு விழுந்தேனே, மறந்துட்டியா? நீ இப்ப குழாயைக் காதுச் சுவத்துல வச்சு அடைச்சுக்கிட்டு, கேக்கலை கேக்கலைங்கற."

கொலெட் அதைக் கழற்றிப் பார்த்தாள். கம்பியில் லேசான ஒரு சாய்வு. இத்தனை நாளும் அவள் கண்ணில் படவில்லை. முதல் வகுப்பில் டெஸ் இதைச் சொல்லியிருப்பாள். அன்று சாலையில் பனி வாரும் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அவள் பாதி வகுப்பில்தான் உள்ளே போனாள். அப்போது எல்லாரும் மாட்டி முடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவள் தப்பாக மாட்டியதை யாரும் பார்க்காதபடி முடி மறைத்துவிட்டது.

திருப்பி மாட்டினாள். குமிழ்கள் உள்ளே போய் நின்ற விதமே வேறாக இருந்தது. குளிர்பெட்டியின் ரீங்காரம் அவள் காதுக்குச் சட்டென்று நின்றது.

"கையைக் குடு."

"கை எங்க இருக்குன்னே தெரியலை."

"குடு."

காற்றை ஏற்றினாள். நூற்றெண்பது. மெல்ல விட்டாள். நூற்றெழுபது, அறுபது, ஐம்பது. ஒன்றுமில்லை. நாற்பது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முப்பதைத் தாண்டும் முன்—

டக்.

பிறகு டக், டக், டக் என்று, யாரோ அவள் காதுக்குள் நின்றுகொண்டு விரலால் மேசையைத் தட்டுவதுபோல. அவ்வளவு கிட்டே. இருபத்தைந்து வருடமாகப் பக்கத்தில் படுத்திருக்கும் ஆளின் உள்ளே இவ்வளவு ஒழுங்காக ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. எண்பத்து நான்கில் அது மெலிந்து நின்றது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு?" என்றான் ரெமி.

"நூத்தி முப்பத்திரண்டு. எண்பத்து நாலு."

"நல்லதா கெட்டதா?"

"உப்பைக் கொறை."

"கண்ணு ஏன் கலங்குது? சாகப் போறேனா?"

"இன்னொரு தடவை பாக்கறேன்."

"கொலெட்."

"ஒரே ஒரு தடவை."

இன்னும் நான்கு தடவை பார்த்தாள். வலது கை, இடது கை. ஒவ்வொரு தடவையும் கேட்டது. ரெமி தன் கையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பட்டாணி சூப்பை இரண்டு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்தான். கொலெட் தன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு அவனுடையதிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். இரண்டு வாரமாக அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ரொட்டித் துண்டால் கிண்ணத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்து கோட்டை எடுத்தாள்.

"எங்க?"

"கர்லிங் கிளப்புக்கு. ஞாயித்துக்கிழமை டெஸ் அங்க ஆடுவா."

"அவகிட்ட என்ன?"

"சொல்லணும்."

ரெமி கரண்டியைக் கீழே வைத்தான். "இப்பதான் கேக்குதே. நாளைக்குப் போ, பாரு, சொல்லு. முடிஞ்சுபோச்சு. எதுக்குக் கெளறற?"

"என் காதை நம்பி அவ என்னை ஒரு ஆள்கிட்ட அனுப்பறா. அந்தக் காதை அவ சோதிக்கவே இல்லை."

"சொன்னா வார்டுக்கு விடமாட்டா. உனக்குத்தான் தெரியுமே அவளை. ஒரு நாள் விட்டா ஒரு வருஷம் போச்சு."

"தெரியும்."

"அப்புறம்?"

"வண்டியை எடு."

ரெமி வாய்க்குள் ஏதோ திட்டினான். ஆனால் சாவியை எடுத்தான்.

கிளப்பின் மேல்தளத்தில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், கீழே, பனித்தளம். கருங்கல் குண்டுகள் உறுமிக்கொண்டு வழுக்கிப் போயின. கல் வட்டத்துக்குள் போய் நிற்கும்படி பனியைத் தேய்த்துக்கொண்டு துடைப்பத்தோடு இரண்டு பேர் முன்னால் ஓடினார்கள். தேய், தேய் என்று ஒருத்தி பின்னாலிருந்து கத்தினாள். டெஸ்ஸின் அணி ஆட்டத்தை முடித்துவிட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது. அவள் முன்னால் கிரேவியும் சீஸும் கொட்டிய உருளைக்கிழங்கு வறுவல்.

"டெஸ், உன்னைத் தேடி ஒரு நர்ஸ் வந்திருக்கு," என்றான் மேசையிலிருந்த வேய்ன். அவள் அணியில் துடைப்பம் பிடிப்பவன். "தோத்தவங்களுக்கு வைத்தியம் பாப்பாங்களா?"

கொலெட் கோட்டுக்குள் சீருடையோடும் தலையில் வலையோடும் நின்றாள். மாற்ற மறந்துவிட்டிருந்தாள்.

"கொலெட், நாளைக்குத்தான் வார்டு," என்றாள் டெஸ். "ஒரு நாள் முன்னாடியே வந்துட்டீங்க."

"உங்ககிட்டத் தனியா ஒண்ணு சொல்லணும்."

ஜன்னலோர மேசைக்குப் போனார்கள். டெஸ் தட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கொலெட் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். முள்ளைப் பார்த்தது, ஆலை, குமிழ் திரும்பியிருந்தது, ரெமி கண்டுபிடித்தது. சொல்ல அதிக நேரம் ஆகவில்லை.

டெஸ் தின்பதை நிறுத்தியிருந்தாள்.

"ரெண்டு வாரம்," என்றாள்.

"ஆமா."

"என் பக்கத்துல நின்னுக்கிட்டு, அதே குழாயில என்னோட சேந்து கேக்கற மாதிரி நடிச்சீங்க."

"ஆமா."

"இப்ப ஏன் சொல்றீங்க? சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியாதுங்கறதாலதான்."

டெஸ் கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். ஒரு கல் வட்டத்தைத் தாண்டிப் போய் விளிம்பில் மோதியது.

"சட்டப்படி நான் உங்களை நாளைக்கு நிறுத்தணும்," என்றாள். "பரீட்சையைத் திருப்பி வைக்காம யாரையும் மாடிக்கு விடமுடியாது."

கொலெட் தலையசைத்தாள். இதை எதிர்பார்த்துத்தான் வந்தாள். இருந்தாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"பையைக் கொண்டுவந்திருக்கீங்களா?"

"வண்டியில இருக்கு."

"எடுத்துட்டு வாங்க. பரீட்சையை இங்கயே வச்சுக்கலாம். நான் அதுவரைக்கும் அசையாம உக்காந்திருக்கேன். ஆடி முடிச்சு கால் மணிக்கு மேல ஆச்சு, ஆடின படபடப்பு அடங்கியிருக்கும்."

கொலெட் படியில் ஓடினாள். வண்டியில் ரெமி கண்ணை மூடிக்கொண்டிருந்தான், காது மெஷினைக் கழற்றி முன்னால் வைத்துவிட்டு. அவள் பையை எடுத்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது டெஸ் ஒரு கையின் சட்டையைத் தோள்வரை சுருட்டியிருந்தாள். இதற்குள் வேய்னும் இன்னொருவரும் நாற்காலியைத் திருப்பிப்போட்டுக்கொண்டு பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள்.

"போங்கப்பா அந்தப் பக்கம்," என்றாள் டெஸ்.

"உனக்கு நெஞ்சு இருக்கான்னு பாத்துட்டுப் போறோம்," என்றான் வேய்ன். "கடைசிக் கல்லை நீ விட்ட லட்சணத்துக்குச் சந்தேகமா இருக்கு."

டெஸ் கொலெட்டின் பக்கம் திரும்பினாள். "ஒரு மாத்தம். டயல் என் கையில இருக்கும். நீங்க கண்ணை மூடிக்கணும். காத்தை ஏத்துங்க, நான் நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க. அப்புறம் விடுங்க. முதல் சத்தம் கேட்டதும் 'இப்ப'ன்னு சொல்லணும். நின்னதும் திரும்ப 'இப்ப'. எண்ணை நான் பாத்துக்கறேன்."

"சரி."

பட்டையைச் சுற்றினாள். முழங்கை மடிப்பில் நாடியை விரலால் தேடிப்பிடித்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். குமிழ்களை மாட்டும் முன் டெஸ் பார்க்கிற மாதிரி ஒருதரம் தூக்கிக் காட்டினாள், மூக்கைப் பார்த்து. டெஸ் கிட்டத்தட்டச் சிரித்தாள்.

கொலெட் கண்ணை மூடினாள்.

கிளப்பின் இரைச்சல் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டே இருந்தாள். டெஸ் அவள் மணிக்கட்டைத் தொட்டாள். நிறுத்து என்று அர்த்தம். கொலெட் கட்டை விரலால் பந்திலிருந்த திருகைத் துளி திருப்பினாள். காற்று சீறியது.

ரெமியின் கையில் அவள் காத்திருந்த காத்திருப்புக்குத் தயாரானாள். காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"இப்ப," என்றாள்.

அது பலமான சத்தம். அவசரத்தில் இருப்பவன் கதவைத் தட்டுவதுபோல. போய்க்கொண்டே இருக்கவில்லை, நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே ஓய்ந்தது.

"இப்ப."

கண்ணைத் திறந்தாள். டெஸ் தன் உள்ளங்கையிலிருந்த டயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் இதற்குள் வெகுதூரம் இறங்கிவிட்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"சரியாச் சொன்னேனா?" என்றாள் கொலெட்.

"சரிதான்." டெஸ் டயலிலிருந்து கண்ணை எடுத்தாள். "முள் துடிச்ச இடத்துல நீங்க சொல்லலை. அதுக்குக் கொஞ்சம் கீழ, சத்தம் வர்ற இடத்துல சொன்னீங்க. கேட்டாத்தான் அப்படிச் சொல்லமுடியும். உங்க காதுக்கு ஒண்ணும் இல்லை."

கொலெட் மூச்சை விட்டாள். இரண்டு வாரத்து மூச்சு. தோள்கள் தானாக இறங்கின. சிரிப்பும் வந்தது, அதை அடக்கத் தோன்றவில்லை.

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு வாங்க. பிந்தாதீங்க. இன்னொரு தடவை என்கிட்ட நடிச்சீங்கன்னா, நானே உங்க வலையைப் பிடிச்சு இழுத்து வெளிய விட்டுருவேன்."

"மாட்டேன்."

"தெரியும்," என்றாள் டெஸ். "தெரியாமயா இங்க உக்காந்து கையை நீட்டினேன்?"

"பாஸா?" என்றான் வேய்ன்.

"பாஸ்."

அவர்கள் கைதட்டினார்கள். வேய்ன் யாருக்கோ பியர் சொல்லப் போனான். டெஸ் டயலை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மறு கையால் வறுவலை எடுத்தாள். எடுத்தவள் வாயில் போடவில்லை.

"எண் எவ்வளவு?" என்றாள் கொலெட்.

"அதான் தேறிட்டீங்களே."

"எவ்வளவுன்னு நீங்க சொல்லலை."

"கழட்டுங்க, கொலெட். கை மரத்துப்போச்சு."

கொலெட் கழற்றவில்லை. டெஸ்ஸின் கையை மேசைமேல் நேராக வைத்து, விரல்களை மெல்லப் பிரித்துவிட்டு, டயலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இம்முறை கண்ணைத் திறந்தபடியே காற்றை ஏற்றி, மெல்ல விட்டாள். டெஸ் தடுக்கவில்லை. கீழே யாரோ ஒருத்தி தேய், தேய் என்று கத்திக்கொண்டிருந்தாள். முள் நூற்றெழுபதுக்கு வந்தபோது முதல் தட்டு கேட்டது. நூற்றுக்குமேலேயே கடைசித் தட்டும் நின்றுவிட்டது. கொலெட் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துக் கழுத்தில் தொங்கவிட்டாள். பட்டையைப் பிரிக்காமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டெஸ், கடைசியா உங்களுக்கு யாரு பிரஷர் பாத்தாங்க?"